வித்தும் கடனும்

மனிதன் தன் கையால் ஒன்றைச் செய்யும்போது அதனைத் தனதென்று கருதுவது இயல்பு. குயவன் வனைந்த குடம் குயவனுக்குரியது. தச்சன் இழைத்த கதவுக்குத் தச்சன் கூலி பெறுகிறான். உழைப்பே உரிமையைத் தரும் என்னும் இக்கொள்கையை உலகம் நெடுங்காலமாக ஏற்றுவந்துள்ளது. ஆயினும், செய்யப்பட்ட பொருள் உயிருள்ளதாக இருப்பின் இக்கொள்கை அப்படியே பொருந்துமா? ஒரு செடியின் சிறு துணுக்கைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, அதிலிருந்து ஆயிரம் செடிகளை எழுப்பும் அறிவியலார் அச்செடிகளைப் படைத்தவர் ஆவரா? அவற்றைத் தமக்கே உரியவை என்று சொல்லிக்கொள்ளும் தகுதி அவர்களுக்கு உண்டா?

இது சட்டம் பற்றிய வினாவாகத் தோன்றினும் அடிப்படையில் அறம் பற்றிய வினாவே ஆகும். இதனை ஆராய்வதற்குத் தென் அமெரிக்க மலைநாட்டுப் பயிராகிய கினோவா தக்கதொரு சான்றாக அமைகிறது.

மலைநாட்டார் காத்த பயிர்

கினோவா, நெல்லும் கோதுமையும் போன்ற புல்லினப் பயிர் அன்று. தமிழ்நாட்டில் சக்கரவர்த்திக் கீரை என்று வழங்கும் செடிக்கு அது நெருங்கிய உறவு. அதன் இலையும் கீரையாகப் பயன்படும். கதிர்போல் திரளும் சிறு விதைகளே முதன்மையான உணவு. பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலைத்தொடரில், டிட்டிகாக்கா ஏரியைச் சூழ்ந்த உயர்நிலப் பகுதியில், ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அது பயிரிடப்பட்டு வருகிறது.

அந்நிலம் எளிதில் விளைச்சல் தரும் நிலம் அன்று. கடல்மட்டத்திற்கு மேல் 3,600 மீட்டருக்கும் உயர்ந்த மேட்டுநிலம்; இரவில் உறைபனி; பகலில் கடும் வெயில்; மழையோ குறைவு. தென் பொலிவியாவின் உயூனி உப்புப் பாலையை அடுத்த மண்ணில் உப்பும் மிகுதி. வேறு பயிர் பலவும் வாடும் அவ்விடத்தில் கினோவா விளைகிறது. அஃது இயற்கை மட்டும் தந்த கொடை அன்று. எந்தச் செடி பனியைத் தாங்கியது, எது உப்பை வென்றது, எதன் விதை பெருத்தது என்று ஆண்டுதோறும் கண்டறிந்து, அதன் விதையை எடுத்துவைத்து, மறு பருவத்தில் விதைத்த கெச்சுவா, அய்மாரா இன மக்களின் பொறுமையும் அதில் அடங்கியுள்ளது. விதையின் மேலுறையில் சபோனின் என்னும் கசப்புப் பொருள் உண்டு. பறவைகளை விலக்கும் அக்கசப்பைத் தேய்த்தும் கழுவியும் நீக்கி உண்ணும் முறையைக் கண்டவர்களும் அவர்களே.

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் அந்நாடுகளை வென்றபின் கோதுமையும் வாற்கோதுமையும் ஏற்றம் பெற்றன. கினோவா ஏழையர் உணவென்று இகழப்பட்டது. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீண்ட அவ்விகழ்ச்சியைப் பொருட்படுத்தாமல் மலைநாட்டு உழவர்கள் அவ்விதையைக் கைவிடாது காத்தனர். உலகம் பின்னர்த்தான் விழித்துக்கொண்டது. 2013-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அமைப்பு 'அனைத்துலகக் கினோவா ஆண்டு' என அறிவித்தது. உடலுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் அனைத்தும் கினோவாவின் புரதத்தில் அடங்கியிருப்பது அப்பெருமைக்கு ஒரு காரணம்; உப்பும் வறட்சியும் பெருகும் நிலங்களில் அது வளரக்கூடும் என்பது மற்றொரு காரணம்.

குப்பியில் எழும் செடி

கினோவா விதையாலேயே எளிதில் பெருகும். ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளைத் தர வல்லது. அங்ஙனமாயின் அதனை ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையில் வளர்ப்பது எதற்காக? மகரந்தம் அற்ற செடியைப் போன்று, தன் விதையால் தன்னைப் பெருக்கிக்கொள்ள இயலாத அரிய செடிகளை மாறாமல் காத்துப் பெருக்குவதற்கு அது பயன்படும். உப்பைத் தாங்கும் ஆற்றல் உயிரணுவின் அளவில் எங்ஙனம் இயங்குகிறது என்பதை அறிவதற்கும் அது வழியாகும். மரபணுவில் மாற்றம் செய்து புதுவகை காண விழைவோர்க்கோ அது இன்றியமையாத வாயில். மாற்றப்பட்ட ஒற்றை உயிரணுவை முழுச் செடியாக்க வேறு வழி அரிது.

முறை நுட்பமானது. முதலில் விதையைச் சாராயக் கரைசலிலும் குளோரின் கலந்த கரைசலிலும் கழுவி நுண்ணுயிர்களை அழிப்பர். முளைத்த நாற்றின் வித்திலையையோ, அதன்கீழ் உள்ள தண்டையோ, குருத்து நுனியையோ சிறு துணுக்காக நறுக்கி, குப்பியில் உள்ள ஊட்டக் கூழில் வைப்பர். கூழில் தாது உப்புகள், வைட்டமின்கள், லிட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை, உறைவதற்கு அகர் ஆகியன இருக்கும். முரஷிகே, ஸ்கூக் என்னும் இருவர் 1962-இல் வெளியிட்ட கலவையே இன்றும் பெருவழக்கு. கூழை 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீராவி அழுத்தத்தால் தூய்மை செய்வர். பின்னர்த் துணுக்கு வைத்த குப்பிகளை ஏறத்தாழ 25 பாகை வெப்பநிலையில், நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் ஒளி கிடைக்குமாறு அடுக்கிவைப்பர்.

துணுக்கின் வெட்டுவாயில் சில வாரங்களில் உருவமற்ற திசுத்திரள் ஒன்று பொங்கியெழும். அதற்குக் காலஸ் என்று பெயர். அத்திரள் வேர்விடுமா, தளிர்விடுமா என்பதைப் பெரிதும் இருவகை ஊக்கிகளின் விகிதமே முடிவு செய்கிறது. ஆக்சின் மிகுந்தால் வேர். சைட்டோகைனின் மிகுந்தால் தளிர். புகையிலைத் திசுவில் இவ்வுண்மையை ஸ்கூக், மில்லர் ஆகியோர் 1957-இல் நிறுவினர். கினோவாவோ எளிதில் பணியும் செடி அன்று. காலஸ் தோன்றுவது எளிது. அதிலிருந்து முழுச் செடி பெறுவது கடினம். உயிரணுக்களைக் கருவின் வடிவில் முளைக்கச் செய்த முயற்சி 2005-இல் வெளியாயிற்று. தளிரும் வேரும் பெற்ற சிறு செடியைக் குப்பியிலிருந்து மண்ணுக்கு மாற்றும் நிலையிலும் இடர் உண்டு. ஈரம் குன்றாக் குப்பிக்குள் வளர்ந்த இலைக்குத் திறந்த காற்றைத் தாங்கும் ஆற்றல் குறைவு. ஆதலின் படிப்படியாகப் பழக்கியே அதனை வெளியில் விடவேண்டும்.

இத்துணை உழைப்பும் அறிவும் மதிக்கத்தக்கன என்பதில் ஐயமில்லை. அவற்றைக் குறைத்துரைப்பது அறமாகாது. ஆயினும் அவ்வுழைப்பு எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்று பிரித்தறிவது இன்றியமையாதது.

படைத்தலும் வெளிப்படுத்தலும்

ஆஸ்திரிய நாட்டு அறிஞர் ஹேபர்லாண்ட், தனித்த தாவர உயிரணுக்களை ஊட்டக் கரைசலில் வளர்க்கும் தம் முயற்சியை 1902-இல் வெளியிட்டார். அவ்வணுக்கள் பிளவுபடவில்லை; முயற்சி தோற்றது. ஆனால் உயிரணு ஒன்றுக்குள் முழுச் செடியாகும் ஆற்றல் உறங்குகிறது என்னும் அவரது எண்ணம் தோற்கவில்லை. 1958-இல் ஸ்டீவர்ட் என்பவரும் அவர்தம் குழுவினரும் காரட்டின் உயிரணுக்களிலிருந்து முழுச் செடியை எழுப்பிக் காட்டினர்.

திசு வளர்ப்பின் அடிப்படை உண்மை இதுவே. குப்பியில் இடப்படும் உப்பிலும் சர்க்கரையிலும் ஊக்கியிலும் கினோவாவின் இலை வடிவம் இல்லை; பனியைத் தாங்கும் திறன் இல்லை; விதையின் சுவை இல்லை. அதே கூழில் புகையிலைத் துணுக்கை வைத்தால் புகையிலையே எழும். ஆகவே, எழுவது இன்னதென்று முடிவு செய்வது உயிரணு; எழுவதற்கு வாய்ப்பளிப்பது ஆய்வுக்கூடம். ஆய்வாளர் உறங்கியதை எழுப்புகிறார்; இல்லாததை உண்டாக்கவில்லை. 'இச்செடியை முழுவதும் யாமே செய்தோம்' என்னும் கூற்றை மறுப்பதற்குத் திசு வளர்ப்பைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

ஒரு கவிஞர் பாடல் இயற்றுகிறார். பாடல் அவருக்குரியது, அதனைப் பிறர் தம்முடையதென்று கூறின் அது களவு. ஆனால் அப்பாடலில் அமைந்த சொற்கள் அவருக்குரியன அல்ல. அவை எண்ணற்ற தலைமுறையினர் பேசிப் பேசிக் காத்துத் தந்தவை. தம் பாடலில் வைத்ததனால் 'நிலவு' என்னும் சொல்லை இனி வேறு எவரும் ஆளுதல் கூடாது என்று எந்தக் கவிஞரும் தடுக்க இயலாது. ஆய்வாளரின் வழிமுறை பாடலைப் போன்றது. உயிரணுவில் உறையும் மரபோ மொழியைப் போன்றது. முன்னதற்கு உரிமை கோரலாம். பின்னதற்கு நன்றி கூறலே முறை.

உரிமைப் பத்திரம்

இவ்வேறுபாட்டை உலகம் எப்போதும் போற்றவில்லை. உயிருள்ள நுண்ணுயிருக்கும் காப்புரிமை வழங்கலாம் என்று 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1985-இல் அந்நாட்டுக் காப்புரிமை மேல்முறையீட்டு வாரியம் மக்காச்சோளம் பற்றிய ஒரு வழக்கில், செடிக்கும் விதைக்கும் மட்டுமன்றித் திசு வளர்ப்புக்கும் காப்புரிமை பெறலாம் என்று முடிவு செய்தது. குப்பியில் உள்ள திசுத்திரள் அன்றுமுதல் உடைமைப் பொருளாயிற்று.

கினோவாவும் அவ்வலையிற் சிக்கியது. 1994-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவருக்கு 5,304,718 என்னும் எண்ணுள்ள காப்புரிமை வழங்கப்பட்டது. அது 'அப்பெலாவா' என்னும் பொலிவியக் கினோவா வகையில் காணப்படும் மகரந்தமின்மைப் பண்பையும், அதனைக் கொண்டு கலப்பினம் உருவாக்குவதையும் பற்றியது. அப்பண்பை ஆய்வாளர்கள் உண்டாக்கவில்லை. மலைநாட்டு உழவர்கள் காத்த செடியில் அது முன்னரே இருந்தது. அவர்கள் அதனைக் கண்டறிந்தனர். பயன்படுத்தும் வழியை வகுத்தனர். பொலிவியக் கினோவா உழவர்களின் தேசியச் சங்கம் இதனைக் கடுமையாக எதிர்த்தது. தங்கள் முன்னோர் விதையைத் தாங்களே விற்பதற்குத் தடை நேருமோ என்று அவர்கள் அஞ்சினர். எதிர்ப்பு உலகெங்கும் பரவியது. 1998-இல் அக்காப்புரிமை கைவிடப்பட்டது.

கண்டறிந்தவர்க்கு ஒரு பங்கு உண்டென்பதை உழவர்களும் மறுத்திருக்கமாட்டார்கள். ஐயாயிரம் ஆண்டு உழைப்பு ஏட்டில் எழுதப்படாமையால் உழைப்பே அன்று என்றும், சில ஆண்டு உழைப்பு ஏட்டில் எழுதப்பட்டமையால் முழு உரிமை பெறும் என்றும் ஆனதே அவர்களை வருத்தியது. எழுதத் தெரிந்தவனுக்கே உரிமை என்றால் அது நீதியாகாது.

எதிர்வாதம்

இதற்கு வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. விதைகள் என்றும் பயணம் செய்துவந்தவை. மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி, நிலக்கடலை, மரவள்ளி ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. அவை வாராதிருந்தால் இன்றைய தமிழர் சமையல் எங்ஙனம் இருந்திருக்கும்? மிளகாய்க்காக எவரும் எவரிடமும் ஒப்புதல் பெற்றதில்லை. ஒவ்வொரு விதைக்கும் வேலியிட்டால் உலகின் இலையில் உணவு குறையும். பசித்த மக்களின் உப்பு நிலத்தில் கினோவா விளையக்கூடுமாயின், அதனைத் தடுக்க மலைநாட்டார்க்கு உரிமை உண்டா? விதையை அவர்களும் படைக்கவில்லையே, முன்னோரிடமிருந்து பெற்றவர்கள்தாமே?

இம்மறுப்பைத் தள்ளிவிட இயலாது. ஆனால் இது யாருக்கு எதிராகத் திரும்புகிறது என்று நோக்கவேண்டும். விதை எவருக்கும் தனியுடைமை அன்று என்றால், காத்தவர்க்கு மட்டுமன்றி எடுத்தவர்க்கும் அது தனியுடைமை ஆகாது. எடுக்கும்போது 'விதை உலகப் பொது' என்றும், விற்கும்போது 'விதை எமக்கே உரியது' என்றும் இரு நாக்கால் பேசுவதையே அறம் கண்டிக்கிறது.

இம்மண்ணின் சான்று

இவ்வினா மலேசியத் தமிழர்க்கும் சிங்கைத் தமிழர்க்கும் அயலானது அன்று. அவர்தம் வரலாறே ஒரு விதையின் பயணத்தோடு பின்னிக்கிடக்கிறது.

1876-இல் ஹென்றி விக்ஹாம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டு அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரப் பூங்காவுக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் முளைத்தவை மூவாயிரத்திற்கும் குறைவு. பெரும்பாலான நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877-இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுட் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அச்சிறு தொகுதியிலிருந்து மலாயாவின் ரப்பர் தோட்டங்கள் விரிந்தன. அத்தோட்டங்களுக்காகவே தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்கள் கப்பலேறின. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, பிள்ளைகளைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிய தலைமுறைகளின் வாழ்வு அவ்விதைமேல் எழுந்தது.

விக்ஹாமின் செயலைத் தடுக்கும் சட்டம் அந்நாளில் பிரேசிலில் இருந்ததா என்பது வரலாற்றாசிரியரிடையே வாதத்திற்குரியது. சட்டம் இல்லாதிருந்தது என்றே கொள்வோமாயினும் அறவினா எஞ்சிநிற்கிறது. விக்ஹாமுக்கு 1920-இல் 'சர்' பட்டம் கிடைத்தது. விதையைக் காட்டில் பொறுக்கித் தந்த பழங்குடியினரின் பெயர்களை வரலாறு குறித்துவைக்கவில்லை. நூற்றாண்டு திரும்பிச் சில ஆண்டுகளுக்குள் ஆசியத் தோட்டங்களின் விளைச்சல் அமேசானின் ரப்பர் வாணிகத்தை வீழ்த்தியது. ஒருபுறம் காடு வறுமையுற்றது. மறுபுறம் தோட்டத்தில் வியர்வை சிந்தியவரும் செல்வம் காணவில்லை. ஆதாயம் இரு சாராரையும் கடந்து தொலைவில் இருந்த பங்குதாரரைச் சென்றடைந்தது. விதையைக் காத்தவனையும் மரத்தை வளர்த்தவனையும் மறந்த பொருளியல் அது.

ஆனால் வரலாறு அங்கேயே நின்றுவிடவில்லை. சிறு தொகுதியிலிருந்து பெருகிய ஆசிய மரங்களின் மரபு வளம் குறுகியது. புதிய நோய் வந்தால் தாங்குமோ என்னும் அச்சம் எழுந்தது. மீண்டும் அமேசான் காட்டையே நாடவேண்டியதாயிற்று. 1981-இல் அனைத்துலக ரப்பர் ஆராய்ச்சி வாரியமும் பிரேசிலும் இணைந்து காட்டு ரப்பர் விதைகளைத் திரட்டின. திரட்டியவற்றில் பாதி பிரேசிலிலேயே வைக்கப்பட்டது. எஞ்சியது மலேசியாவுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் பகிரப்பட்டது. 1876-இல் எடுத்துச்செல்லப்பட்டது, 1981-இல் கேட்டுப் பெறப்பட்டது. விதை ஒன்றே, நடத்தை வேறு. கேட்டுப் பெறுவதனால் அறிவியலுக்கு இழப்பேதும் நேரவில்லை என்பதையும் அந்நிகழ்ச்சி காட்டிற்று.

கடன் என்னும் சொல்

மரபு வளங்களை ஒப்புதலோடு பெற்றுப் பயனைப் பகிரவேண்டும் என்னும் நெறியை 1992-ஆம் ஆண்டின் பல்லுயிர் உடன்படிக்கை ஏற்றது. 2010-இல் நகோயாவில் ஏற்கப்பட்ட நெறிமுறை 2014-இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் அறத்தை நோக்கி மெல்ல நடக்கிறது. எனினும் சட்டம் எல்லையில்தான் காவல் நிற்கும். குப்பிக்கு முன் அமர்ந்திருக்கும் ஆய்வாளரின் நெஞ்சில் காவல் நிற்பது அறம் ஒன்றே.

அவ்வறம் கேட்பவை பெரியன அல்ல. துணுக்கு எந்த மலையின் எந்த வகையிலிருந்து வந்தது என்று பெயர் சொல்லுதல். காத்தவரின் ஒப்புதலைப் பெறுதல். விளைந்த அறிவையும் நல்ல நாற்றையும் அவர்களுக்குத் திரும்பக் கொடுத்தல். தம் விதையைத் தாமே எடுத்துவைத்து விதைக்கும் உழவரின் வழக்கத்தைப் பறிக்காதிருத்தல். இவற்றோடு மற்றொன்றும் உண்டு. குப்பியில் எழும் ஆயிரம் செடிகளும் ஒரே வார்ப்பாக இருத்தல் நோக்கம். உழவனின் வயலிலோ ஆயிரம் வகை நிற்கும். நாளைய நோய்க்கு மருந்து அவ்வகைகளுள் எதில் உள்ளதென்று இன்று எவரும் அறியார். ஆகவே வயல் அழிந்தால் குப்பியும் வறிதாகும். காத்தவரைக் காப்பது ஆய்வுக்கூடத்தின் தன்னலத்திற்கும் உகந்ததே.

காத்தவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. முன்னோர் தந்ததைப் பசித்தவர்க்கு மறுத்தல் காவல் ஆகாது. பெற்றவன் கொடுக்கவேண்டும்; கொடுக்கப்பட்டவன் நினைக்கவேண்டும். செய்ந்நன்றியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழியில் பயில்வோர்க்கு இது புதிய செய்தி அன்று.

தமிழில் 'கடன்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டியது ஒரு பொருள். செய்தே தீரவேண்டிய கடமை மற்றொரு பொருள். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய முன்னோர், பெற்றவன் கடமைப்பட்டவன் என்பதை மொழியிலேயே பதித்துவிட்டனர். உயிரைக் கையாளும் எந்த அறிவும் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. ஊட்டக் கூழைக் காய்ச்சும் முன்னரே, துணுக்கை நறுக்கும் முன்னரே, பெயரறியா உழவன் ஒருவன் தன் பங்கைச் செலுத்திவிட்டான். உயிரணுவை எழுப்பும் கை அவனிடம் பட்ட கடனை நினைக்குமாயின் ஆய்வுக்கூடம் அறச்சாலையாகும். மறக்குமாயின், அங்கு எழும் செடி எவ்வளவு செழித்தாலும் அது திருப்பித் தராத கடனாகவே நிற்கும்.